தொங்கு பாலத்தைக் கடப்பது எப்படி? மலைப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடகு, வயநாடு, இடுக்கி என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்த விடுதியின் விளம்பரத்தை எடுத்தாலும் அதில் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. ஓடைக்கு மேலே இரண்டு கம்பி வடங்கள், நடுவே மரப் பலகைகள், பக்கவாட்டில் வலை, அதன்மேல் சாய்ந்து சிரிக்கும் புதுமணத் தம்பதி. “நீங்கள் போய் வாருங்கள், நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று கரையிலேயே உட்கார்ந்துவிடும் அத்தை மட்டும் அந்தப் படத்தில் இருக்க மாட்டார். இந்த வழிகாட்டி அந்த அத்தைக்கும், அவரை எப்படியாவது இழுத்துக்கொண்டு போகத் துடிக்கும் மருமகனுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலம் ஆடுகிறதே என்று பயப்படுகிறவர்கள் தவறான விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள். தொங்கு பாலம் ஆடத்தான் செய்யும். ஆடாத தொங்கு பாலம் என்று ஒன்று கிடையாது. பயப்பட வேண்டியவை வேறு இரண்டு: துருப்பிடித்த வடம், அளவுக்கு மிஞ்சிய கூட்டம். இரண்டையும் கரையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம், அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

பாலம் எதில் நிற்கிறது

நாம் மிதிப்பது பலகையை. நம்மைத் தாங்குவது வடம். அந்த வடத்தின் இழுவை முழுவதும் இரு கரைகளிலும் மண்ணுக்குள் புதைத்த கான்கிரீட் திண்டுகளில் போய் முடிகிறது. மலை விடுதிகளில் இரண்டு வகைப் பாலங்களைப் பார்க்கலாம். ஒன்றில் பலகைகள் வடத்தின் மேலேயே அடுக்கப்பட்டிருக்கும். பாலம் நடுவில் நன்றாகக் குழிந்து தொங்கும். மற்றொன்றில் இரு கரைகளிலும் கம்பங்கள் நிற்கும், அவற்றின் உச்சி வழியாக வடம் போகும், வடத்திலிருந்து இறங்கும் தொங்கு கம்பிகள் நடைபாதையைத் தூக்கிப் பிடித்திருக்கும். முதல் வகை அதிகம் ஆடும், கடைசியில் ஏற்றமும் இருக்கும். இரண்டாம் வகை ஏறக்குறைய சமதளமாக இருக்கும். எந்த வகையில் கால் வைக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டாலே பாதி அதிர்ச்சி குறையும்.

குடகில் குஷால்நகருக்குப் பக்கத்தில் காவிரி நிசர்கதாமா என்று ஒரு தீவு இருக்கிறது. வனத்துறை பராமரிக்கும் மூங்கில் காடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு காவிரியின் குறுக்கே தொங்கு பாலத்தில் நடந்துதான் உள்ளே போக வேண்டும். மேட்டூரில் அணை நிரம்பி நாம் பார்த்த காவிரிக்கு இங்கே எதிர்க்கரை கூப்பிடு தூரம்தான். முதன்முதலாக ஏறுகிறவர்களுக்கு இதுபோன்ற இடமே நல்லது. உயரம் அதிகமில்லை, ஊழியர்கள் இருப்பார்கள், பாலத்தின் மறுமுனையில் போய்ச் சேர ஒரு காரணமும் இருக்கிறது.

நமக்கு இது பொழுதுபோக்கு. இதே மலைகளில் பல ஊர்களுக்கு இதுதான் பாதை. குடகு மலையின் அடிவாரத்தில் இருக்கும் சுள்ளியாவைச் சேர்ந்த பொறியாளர் கிரீஷ் பரத்வாஜ், 1989இல் பயஸ்வினி ஆற்றின் குறுக்கே அரம்பூர் மக்களுக்காக ஒரு தொங்கு நடைபாலம் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள்; 2017இல் பத்மஸ்ரீ. அப்படிப்பட்ட பாலத்தில் பள்ளிக்கூடப் பையன் புத்தகப் பையோடு நடந்து போவதைப் பாருங்கள். கைப்பிடியைத் தொடக்கூட மாட்டான். நடை கற்க அவனைவிட நல்ல வாத்தியார் இல்லை.

கிராமியத் தோற்றத்தை நம்பாதீர்கள், சந்தேகிக்கவும் வேண்டாம்

மூங்கில், கொடி, பழைய பலகை என்று நாட்டுப்புறத் தோற்றத்தில் இருக்கும் பாலம் பலவீனமானது என்று அர்த்தமில்லை. ஜப்பானின் ஷிகோகு தீவில் இயா பள்ளத்தாக்கில் காட்டுக் கொடிகளால் பின்னிய பாலம் ஒன்று உண்டு. 45 மீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே 14 மீட்டர் உயரம். நடைபாதைக் கட்டைகளுக்கு நடுவே கால் நழுவும் அளவுக்கு இடைவெளி, கீழே தண்ணீர் தெளிவாகத் தெரியும். பார்த்தால் ஆதிகாலத்துப் பாலம். கொடிகளுக்குள்ளே எஃகு வடம் ஒளிந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடிகளையெல்லாம் மாற்றிப் புதிதாகப் பின்னுகிறார்கள். அங்கே பலம் அந்த மூன்றாண்டு ஒழுங்கில் இருக்கிறது. நம் ஊர் விடுதியிலும் நாம் விசாரிக்க வேண்டியது அதைத்தான்: கடைசியாக எப்போது பலகை மாற்றினீர்கள், வடத்தை யார் பார்க்கிறார்கள்? அறை முன்பதிவு செய்யும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம். இதையும் கேட்கலாம். பதில் தடுமாறினால் அதுவே ஒரு பதில்.

முதல் படி: புறப்படும் முன்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குடகிலும் வயநாட்டிலும் ஆறு பெருகினால் பாலத்தை மூடிவிடுவார்கள். அதைப் பார்த்துக் கோபப்படாமல், மூடத் தெரிந்த இடம் என்று மதிப்பெண் கொடுங்கள். மழை நின்ற அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். போவது காலையில் முதல் ஆளாக இருந்தால் மிக நல்லது; பாலம் காலியாக இருக்கும், காற்றும் பொதுவாகக் குறைவு.

காலணி விஷயத்தில் நான் கறார். ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். பலகை இடுக்கில் அந்தக் குதிகால் சரியாகப் போய் உட்காரும். பின்பக்கம் வார் உள்ள செருப்போ, பிடிமானமுள்ள ஷூவோ போதும். தரை தொடும் புடவையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். தொங்கு கம்பிகளின் முனையில் துணி மாட்டினால் நடுப்பாலத்தில் நின்று பிரிக்க வேண்டியிருக்கும். செல்போன் ஜிப் உள்ள பையில் இருக்கட்டும். முதுகுப் பை கனமாக இருந்தால் கரையிலேயே வைத்துவிடுங்கள். அத்தை இல்லையென்றால் டிக்கெட் கவுண்டரில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: கரையில் நின்று ஐந்து நிமிடம்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லோரும் பாலத்தின் நடுவைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தொடக்கத்தை.

வடம் திண்டுக்குள் இறங்கும் இடத்துக்கு அருகில் போங்கள். பாலத்தில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். மழைத் தண்ணீர் தேங்கும், மண் மூடும், சருகு மக்கும், யார் கண்ணிலும் படாது. வடத்தின் மேலே மெல்லிய துரு படர்ந்திருப்பது மலைக்காற்றில் சகஜம். முறுக்கிய இழைகளின் இடுக்கிலிருந்து செம்பழுப்புப் பொடி கசிந்து வெளியே வந்திருந்தால் அது உள்ளே அரிக்கிறது என்பதற்கு அடையாளம். அறுந்த இழைகள் முள்போல நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். வடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கையை அழுக்காக்கிக்கொண்டு சந்தோஷப்படுங்கள், யாரோ கவனித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, வடத்தின் நுனி மடங்கித் திரும்பிவந்து தன்னோடு சேரும் இடம். அங்கே ‘யு’ வடிவக் கிளாம்ப்கள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். அந்த வளைந்த கம்பி, மடங்கி வந்த குட்டை நுனியை அழுத்த வேண்டும். பட்டையான அடிப்பகுதி பாரம் தாங்கும் நீண்ட வடத்தின்மேல் உட்கார வேண்டும். எல்லாக் கிளாம்பும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாறி மாறிப் போட்டிருந்தால், போட்டவருக்கு வேலை தெரியாது. வடத்தின் கனத்துக்கு ஏற்ப எண்ணிக்கை மாறும் என்றாலும், ஆட்களைச் சுமக்கும் வடத்தில் ஒற்றைக் கிளாம்ப் மட்டும் தெரிந்தால் அந்தப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

பலகைக்கு வாருங்கள். ஆணி அடித்த இடத்தைச் சுற்றிக் கறுத்து, கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கினால் அந்தப் பலகை உளுத்துவிட்டது. நடுவில் ஒன்றிரண்டு பலகைகள் மட்டும் புதிய நிறத்தில் இருப்பது நல்ல செய்தி, கெட்டதை மாற்றுகிறார்கள். பலகையே இல்லாத ஓட்டைக்கு மேலே பிளைவுட் துண்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் அது கெட்ட செய்தி.

மூன்றாம் படி: எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் மச்சு ஆற்றின் மேலிருந்த பழைய தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்த்துத் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போது பாலத்தில் சுமார் 300 பேர் இருந்தார்கள். முக்கிய வடங்களில் ஒன்றில் 49 கம்பிகள். அவற்றில் 22 விபத்துக்கு முன்பே துருப்பிடித்துப் பலவீனப்பட்டிருந்தன என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. இளைஞர்கள் சிலர் பாலத்தை ஆட்டும் வீடியோ அன்று எல்லோர் கைப்பேசியிலும் சுற்றியது. பழி அவர்கள்மேல் விழுந்தது சுலபமாக. அரித்த வடத்தை அவர்கள் அரிக்கவில்லை, அத்தனை டிக்கெட்டை அவர்கள் விற்கவில்லை.

ஆகவே பாலத்தின் வாயிலில் ‘ஒரே நேரத்தில் இத்தனை பேர்’ என்று பலகை இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த எண்ணை யாராவது அமல்படுத்துகிறார்களா என்பது. வாயிலில் ஆள் நின்று எண்ணி விட்டால் நம்பலாம். பலகை மட்டும் இருந்து ஆள் இல்லையென்றால் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டம் குறையும்வரை டீ குடியுங்கள். கல்லூரிச் சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்றால் இன்னொரு டீ. எதிரும் புதிருமாக ஆட்கள் நடக்கும் குறுகிய பாலத்தில், நடுவில் உரசி விலகுவதைவிட எதிர்ப்பக்கம் வருகிறவர்களை முழுதாக வரவிட்டு ஏறுவது நல்லது.

நான்காம் படி: முதல் பத்து அடி

ஏறும்போது இரு கைகளும் காலியாக இருக்கட்டும். முதல் பலகையில் ஒரு காலை வைத்து, எடையை மெதுவாக மாற்றுங்கள். உடம்பு அந்த அசைவை ஒருமுறை தெரிந்துகொள்ளட்டும். பிறகு மறுகால். தலையில் நீர்க்குடத்தோடு நடக்கிறவரின் நடைதான் இங்கே தேவைப்படும் நடை: சின்ன அடி, தளர்ந்த முழங்கால், இடுப்புக்கு மேலே அசைவில்லை. முழங்காலை விறைத்துக்கொண்டால் பாலத்தின் ஒவ்வொரு அசைவும் நேராகத் தலைக்கு ஏறும்.

பாதம் முழுதாகப் பதிய வேண்டும். எங்கே பதிய வேண்டும்? பலகையைக் கூர்ந்து பார்த்தால் ஆணித் தலைகள் ஒரே கோட்டில் பாலம் நெடுக ஓடுவது தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் பலகையைத் தாங்கும் சட்டமோ வடமோ இருக்கிறது. பலகை அங்கே வளையாது. இரண்டு கோடுகள் இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. ஒரே கோடு நடுவில் இருந்தால் அதை ஒட்டியே நடங்கள். ஓரத்தில், ஆணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை நுனியில் மட்டும் மிதிக்காதீர்கள்.

கைப்பிடியைக் கவ்வ வேண்டாம். இரு பக்கமும் லேசாகப் பிடித்து, பிடியைத் தளர்த்தித் தளர்த்தி நகர்த்துங்கள். ஒரே பக்கம் இழுத்துச் சாய்ந்தால் நடைபாதை அந்தப் பக்கம் சரியும், சரிவைக் கண்டு இன்னும் இறுகப் பிடிப்பீர்கள், இன்னும் சரியும். கையை வழுக்கியபடியே கொண்டுபோகவும் வேண்டாம். அறுந்த கம்பி இழை ஒன்று போதும், உள்ளங்கை கிழிய.

ஐந்தாம் படி: ஆட்டத்தைக் கையாளுவது

லண்டனில் தேம்ஸ் நதியின் மேலே கட்டிய மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு இரண்டே நாளில் மூடப்பட்டது. மக்கள் நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். இடது கால் ஒரு பக்கம் தள்ளுகிறது, வலது கால் மறுபக்கம் தள்ளுகிறது. ஆக நொடிக்கு ஒருமுறை பக்கவாட்டு உந்தல். பாலத்தின் இயல்பான ஆட்டமும் அதற்கு நெருக்கமாக இருந்துவிட்டது. லேசாக ஆடியதும், விழாமல் இருக்க எல்லோரும் தம்மையறியாமல் அந்த ஆட்டத்துக்கே தாளம் போட்டு நடந்தார்கள், ஆட்டம் வளர்ந்தது. அதிர்வை அடக்கும் சாதனங்களைப் பொருத்தி 2002இல்தான் மீண்டும் திறந்தார்கள்.

இது எஃகும் கணினியும் வந்த பிறகு நடந்த கதை. 1850இல் பிரான்சின் ஆன்ழே நகரில் புயல் காற்றில் ஒரு தொங்கு பாலத்தைக் கடந்த படைப்பிரிவு, பாலத்தோடு ஆற்றில் விழுந்து 200க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். படைநடை போடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. ஆனாலும் ஆட்டத்தைச் சமாளிக்க எல்லோரும் ஒரே மாதிரிக் கால் மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் கரைக்குள் புதைந்திருந்த வடங்கள் துருப்பிடித்திருந்தன.

விடுதிப் பாலத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. ஆட்டம் வளர்வது தெரிந்தால் அதோடு சேர்ந்து நடக்காதீர்கள், நில்லுங்கள். ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்கி, இரு கைப்பிடியையும் பற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றால் ஆட்டம் தானாக அடங்கும். அடங்கியதும் வேறு வேகத்தில் தொடங்குங்கள். குடும்பமாகப் போனால் ஒருவருக்கொருவர் நாலைந்து அடி இடைவெளி விடுங்கள். முன்னால் போகிறவர் மிதித்ததும் எழும் அலை பின்னால் வருகிறவரின் காலுக்குக் கீழே பலகையைத் தூக்கிவிடும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? குதிக்கிறவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. உங்களுக்கு முன்னே யாராவது ஆட்டினால் பாலத்தில் நின்று சண்டை போடாதீர்கள். ஏறாமல் இருந்து ஊழியரிடம் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கண்ணை எங்கே வைப்பது

“கீழே பார்க்காதே” என்பது பாதி உண்மைதான். பலகையைப் பார்க்காமல் நடந்தால் தடுக்கி விழுவோம். பார்க்கக் கூடாதது ஓடும் தண்ணீரை. தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, நாம்தான் மறுபக்கம் நகர்கிறோம் என்று மூளை ஏமாந்துவிடும். கண்ணை நாலைந்து அடிக்கு முன்னால் இருக்கும் பலகையில் வையுங்கள். அவ்வப்போது எதிர்க்கரைக் கம்பத்துக்கோ மரத்துக்கோ தூக்குங்கள். ஆடாத பொருள் ஒன்று கண்ணுக்குக் கிடைத்தால் உடம்பு நேராகும்.

காட்சி பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். நடந்தபடியே செல்ஃபி எடுக்க வேண்டாம். நின்று எடுப்பதானாலும் ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும்.

ஏழாம் படி: நடுவும் ஏற்றமும்

குழிந்து தொங்கும் பாலத்தில் முதல் பாதி இறக்கம், பின் பாதி ஏற்றம். இறக்கத்தில் உடம்பு தானாக வேகமெடுக்கும், கொஞ்சம் பின்வாங்கியே நடங்கள். நடுவில் ஆட்டம் அதிகம், அங்கே நிற்காமல் கடந்துவிட்டு, முக்கால் தூரத்தில் நின்று மூச்சு வாங்கலாம். கடைசிப் பத்தடியில் எல்லோரும் அவசரப்படுவார்கள். அங்கேதான் ஏற்றம் செங்குத்து, அங்கேதான் மரநிழலில் பலகை காயாமல் பாசி பிடித்திருக்கும்.

பயம் வந்துவிட்டால்

வரும். நடுப்பாலத்தில் கால் மறுத்துவிட்டால், குந்திக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. எடை தாழ்ந்ததும் ஆட்டம் குறைந்ததாகத் தெரியும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். இன்னும் கால்வாசிகூடத் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடலாம். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க, சின்னச் சின்ன அடியாகச் சுழன்று திரும்புங்கள். பாதியைத் தாண்டியிருந்தால் முன்னே போவதுதான் கிட்டம்.

கூட இருப்பவர் செய்ய வேண்டியது, கேலி செய்யாமல் முன்னால் நின்று அவர் முகம் பார்த்துப் பேசுவது. இழுப்பது உதவாது. கண்ணை மூடிக்கொண்டு வா என்பது அதைவிடக் கேடு. சமநிலைக்குக் கண்தான் பெரிய துணை.

படபடப்பைப் பற்றி ஒரு சுவையான ஆய்வு உண்டு. 1974இல் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள், கனடாவில் வான்கூவருக்கு அருகிலுள்ள கபிலானோ தொங்கு பாலத்தைக் கடந்த ஆண்களை ஒரு பெண்ணைக் கொண்டு பேட்டி எடுக்கச் செய்து, அவரது தொலைபேசி எண்ணையும் கொடுக்கவைத்தார்கள். உறுதியான, தாழ்வான வேறொரு பாலத்தில் சந்தித்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் சந்தித்தவர்களே பிறகு அதிகம் பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். இதயம் அடித்துக்கொண்டது பாலத்தால். அவர்கள் அதைப் பெண்ணின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தேனிலவுக்காரர்களைத் தொங்கு பாலத்துக்கு அனுப்பும் விடுதிக்காரர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள் என்றாலும் விஷயம் தெரிந்தவர்கள்தான்.

குழந்தைகளும் முதியவர்களும்

குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஏறும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். எடை உயரே போகப் போக, சின்ன ஆட்டமும் பெரிதாகும். கைக்குழந்தையை மார்போடு தூளியில் கட்டிக்கொள்ளுங்கள். நடக்கும் குழந்தை உங்களுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் போக வேண்டும், பின்னால் அல்ல. வலையின் கண்கள் குழந்தையின் உடம்பு நுழையும் அளவுக்கு இருந்தாலோ, பலகை இடைவெளியில் அதன் பாதம் முழுதாக இறங்கினாலோ குழந்தை கரையில் இருக்கட்டும்.

முதியவர்களுக்கு முன்னே ஒருவர், பின்னே ஒருவர். கைத்தடியின் நுனி இடுக்கில் இறங்கும், ஆகவே அதை மற்றவர் வாங்கிக்கொண்டு, அவருடைய இரு கைகளையும் கைப்பிடிக்கு விடுங்கள். தலைசுற்றல் நோய் உள்ளவர்களும், அண்மையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஏறாமல் இருப்பது நல்லது. யாரையும் வற்புறுத்தி ஏற்றாதீர்கள். பாதியில் நின்றுவிட்டால் அவரைத் திருப்பிக் கொண்டுவருவது ஏற்றியதைப்போல் பத்து மடங்கு வேலை.

மழை, மின்னல், குரங்கு, அட்டை

நனைந்த பலகை வழுக்கும். அதன்மேல் பச்சைப் பாசி இருந்தால் கேட்கவே வேண்டாம். இடி கேட்டால் பாலத்தை விட்டு விலகி நில்லுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். கரைக்குக் கரை நீண்ட உலோக வடத்தைப் பிடித்துக்கொண்டு மின்னலுக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. காற்றில் பாலம் யாரும் நடக்காமலேயே ஆடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பாலத்தின் முனையில் குரங்குகள் காத்திருக்கும். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் நடுவழியில் வழிப்பறிதான். மழைக்காலத்தில் எதிர்க்கரைப் புல்லில் அட்டைகள் இருக்கும். காலில் ஏறிய அட்டையைப் பாலத்தின்மேல் நின்று எடுக்க முயல வேண்டாம், கரைக்கு வந்து எடுங்கள்.

கடந்த பிறகு

கடைசிப் பலகையிலிருந்து இறங்கியதும் அங்கேயே நின்று கைகொடுத்துக்கொள்ளாமல் பத்தடி தள்ளிப் போங்கள். பின்னால் வருகிறவர் ஏற்றத்தில் நிற்கிறார். தரையில் கால் வைத்த பிறகும் சற்று நேரம் நிலம் ஆடுவதாகத் தோன்றும், அது தானே சரியாகிவிடும். திரும்பி வர இதே பாலம்தானா, வேறு பாதை உண்டா, எத்தனை மணிக்கு வாயிலைப் பூட்டுகிறார்கள் என்று போகும்போதே கேட்டு வையுங்கள். இருட்டிய பிறகு ஆணிக் கோடு தெரியாது.

நடக்கும்போது காலுக்குக் கீழே தடதடத்த பலகையோ, அறுந்து தொங்கிய கம்பியோ கண்ணில் பட்டிருந்தால், எந்தக் கரையிலிருந்து ஏறக்குறைய எத்தனையாவது பலகை என்று வாயிலில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பொதுவாக “பாலம் சரியில்லை” என்றால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் சுத்தியலோடு ஒருவர் போவதற்கு வாய்ப்பு இருக்கிறது.